வீடு யாருக்கு? – 7: இடிக்க வந்தவர்களும் எண்ண வந்தவர்களும்

போன வாரம் ஸ்டைவசன்ட் டவுனில் நிறுத்தியிருந்தோம். நியூயார்க்கின் கேஸ் ஹவுஸ் பேட்டை தரைமட்டமாகி, சுமார் 3,000 குடும்பங்கள் மூட்டை கட்டிப் போனார்கள். அவர்கள் இருந்த இடத்தில் எழும்பிய செங்கல் கோபுரங்களில் அவர்களில் பெரும்பாலோருக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. கறுப்பர்களுக்கோ வாடகை கொடுக்க முடிந்தாலும் இடமில்லை.

அங்கிருந்து தென்மேற்கே பொடிநடையாக வந்தால் கூப்பர் ஸ்கொயர். இப்போது வருடம் 1959.

சதுக்கத்தின் நடுவே கூப்பர் யூனியன் கல்லூரி. 1860 பிப்ரவரியில் ஆப்ரகாம் லிங்கன் இங்கே நிகழ்த்திய உரைதான் அவரை ஜனாதிபதி வேட்பாளர் வரிசையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது என்பார்கள். அந்தப் பெருமையெல்லாம் கல்லூரிச் சுவரோடு சரி. எதிரே தெற்கு நோக்கி ஓடும் பவரித் தெருவுக்கு அன்றைக்கு இருந்த பெயரே வேறு. குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவர்களின் கடைசிப் புகலிடம் அது. காசு கொடுத்தால் ராத்தங்கல் விடுதிகளில் ஒரு கட்டில் கிடைக்கும். பல விடுதிகளில் ‘அறை’ என்பது இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு. பக்கத்து ஆள் ஏறிக் குதித்துத் திருடாமல் இருக்க மேலே கோழிக்கூண்டுக் கம்பிவலை.

ஒரு தெரு தள்ளிப் போனால் காட்சி மாறிவிடும். யூதர்கள், இத்தாலியர்கள், உக்ரைனியர்கள், போலந்துக்காரர்கள், புதிதாக வந்திறங்கிய போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். ஐந்தாறு மாடிகள் படியேற வேண்டிய பழைய குடியிருப்புகள். பல வீடுகளில் குளிக்கும் தொட்டி சமையலறையில்தான் இருக்கும். பலகையைப் போட்டு மூடினால் அதுவே மேஜை. வாடகை குறைவு என்று ஓவியர்களும் இசைக்காரர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன மதுக்கூடத்தில் 1957ல் தெலோனியஸ் மங்க் மாதக்கணக்கில் பியானோ வாசித்தார். 1959 நவம்பரில் ஆர்னெட் கோல்மன் அதே மேடையில் சாக்ஸபோனை எடுத்து ஊதியபோது, ஜாஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

அந்த மதுக்கூடமும் இடிபட இருந்த எல்லைக்குள்தான் வந்தது.

எல்லை வடக்கே ஒன்பதாம் தெருவில் தொடங்கித் தெற்கே டிலான்சி தெருவரை போனது. மேற்கே பவரியும் மூன்றாம் அவென்யூவும், கிழக்கே இரண்டாம் அவென்யூ. மொத்தம் பதினொரு பிளாக். காலி செய்ய வேண்டியவை 2,400 குடியிருப்புகள், வாடகை அறைகளில் தனியாக இருந்த 450 பேர், ராத்தங்கல் விடுதிகளில் 4,000 கட்டில்கள், 500க்கும் மேற்பட்ட கடைகள், பட்டறைகள். பதிலுக்குக் கட்டப்போவது நடுத்தர வருமானக்காரர்களுக்கான 2,900 கூட்டுறவு வீடுகள்.

திட்டத்தைக் கொண்டுவந்தது மேயரின் சேரி அகற்றல் குழு. அதன் தலைவர் பெயர் இந்தத் தொடரில் ஏற்கெனவே வந்துவிட்டது: ராபர்ட் மோசஸ்.

*

மோசஸ் எந்தத் தேர்தலிலும் ஜெயித்தவரல்ல. ஒரே ஒரு முறை, 1934ல், மாநில ஆளுநர் பதவிக்கு நின்று படுதோல்வி அடைந்தார். ஆனால் பூங்கா, பாலம், நெடுஞ்சாலை, மின்சாரம், வீடு என்று ஒரே சமயத்தில் பன்னிரண்டு பதவிகள் வரை கையில் வைத்திருந்தார். நியூயார்க்குக்கு அத்தனை நெடுஞ்சாலைகள் போட்ட அவருக்கு கார் ஓட்டத் தெரியாது.

அவர் கையிலிருந்த ஆயுதம் 1949ஆம் வருட வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பிரிவு. ஒவ்வொரு அமெரிக்கக் குடும்பத்துக்கும் கண்ணியமான வீடு என்பது அந்தச் சட்டம் அறிவித்த லட்சியம். அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு பேட்டையைச் ‘சேரி’ என்று நகரம் அறிவிக்கும். நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும். பேச்சுக்கு, அதற்கு நூறு ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு முப்பது ரூபாய்க்கு நகரம் விற்கும். நஷ்டம் எழுபது. அதில் மூன்றில் இரண்டு பங்கை வாஷிங்டன் கொடுக்கும், மிச்சத்தை நகரம் ஏற்கும். மலிவாகக் கிடைத்த நிலத்தில் நிறுவனம் வீடு கட்டும். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு அவர்கள் தாங்கக்கூடிய வாடகையில் ஒழுங்கான மாற்றுவீடு கிடைக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. சொன்னதோடு சரி. பல இடங்களில் அந்த வேலை நிலத்தை வாங்கிய நிறுவனத்தின் தலையிலேயே கட்டப்பட்டது. காலி செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடிப் பார்க்கும் அக்கறை அந்த நிறுவனத்துக்கு எதற்கு?

மேற்கு 99ஆம் தெருப் பக்கம் மன்ஹாட்டன்டவுன் என்ற திட்டத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. நிலத்தை வாங்கியவர்கள் வருடக்கணக்கில் பெரும்பகுதியை இடிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. பழைய வீடுகளில் இருந்தவர்களிடம் வாடகை வசூலித்துக்கொண்டிருந்தார்கள். 1954ல் செனட் விசாரணையில் இது அம்பலமானது. மோசஸின் நாற்காலி அப்போதும் ஆடவில்லை.

எனவே கூப்பர் ஸ்கொயர்க்காரர்கள் 1959ல் பேப்பரில் செய்தியைப் பார்த்தபோது, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கத் தனியாக ஜோசியம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் திகைத்துத்தான் போனார்கள். வீடு கட்ட வரப்போவது யார்?

*

பேராசைக்கார முதலாளி யாராவது வந்திருந்தால் சண்டை சுலபம். வந்தது தொழிற்சங்கங்களின் ஆதரவில் இயங்கிய யுனைடெட் ஹவுசிங் ஃபவுண்டேஷன். அதன் தலைவர் ஏப்ரஹாம் கஸான்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மோசஸைவிடச் சுவாரஸ்யமான ஆள் கஸான்தான். மோசஸைத் திட்டிப் புத்தகங்கள் வந்தாகிவிட்டன. கஸானைத் திட்டுவது அவ்வளவு சுலபமில்லை. ருஷ்யப் பேரரசிலிருந்து பிழைக்க வந்த யூதர். தையல் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்தவர். தொழிலாளிக்கு நிலவுடைமைக்காரனிடமிருந்து விடுதலை வேண்டுமென்றால் தொழிலாளிகளே சேர்ந்து வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. 1927ல் பிராங்ஸ் பகுதியில் அமால்கமேட்டட் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து கூட்டுறவு வீடுகளைக் கட்டினார். வீட்டை விட்டுப் போகிறவர் போட்ட பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். லாபம் வைத்து விற்க முடியாது. கட்டடத்தோடு நூலகம், குழந்தைகள் பள்ளி, பால் கூட்டுறவு என்று ஒரு சின்ன சமுதாயமே உருவானது. பிறகு கூப்பர் ஸ்கொயருக்குப் பக்கத்திலேயே, லோயர் ஈஸ்ட் சைடில், 1930ல் ஒன்று. உலகப்போருக்குப் பின் மேலும் இரண்டு.

இப்படிப்பட்ட மனிதருக்கும் மோசஸுக்கும் எப்படி ஒத்துப்போனது? கஸானுக்கு மலிவாக நிலம் வேண்டும். அதை வாங்கித் தர மோசஸால் முடியும். மோசஸுக்கோ ஊழல் கறை படியாத ஒரு கட்டுநர் வேண்டும். கஸான் மேல் யாராலும் விரல் நீட்ட முடியாது.

சேரி ஒழிய வேண்டும் என்பதில் கஸானுக்கு மனப்பூர்வமான நம்பிக்கை. இருட்டறையில் பிள்ளை வளர்த்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆனால் அவர் மனதில் இருந்த ‘தொழிலாளி’ மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவர், சங்க உறுப்பினர், முன்பணம் சேர்த்துவைக்க முடிந்தவர். பவரிக்குப் பக்கத்துச் சந்துகளில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் வருவார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் மோசஸிடமும் இல்லை, கஸானிடமும் இல்லை. யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

*

1959லேயே கூப்பர் ஸ்கொயர் கமிட்டி உருவாகிவிட்டது. குடியிருப்பவர்களும் கடைக்காரர்களும் ஒரே அமைப்பில் சேர்ந்தார்கள். முதல் தலைவர் தெல்மா பர்டிக் என்ற பெண்மணி. இரண்டாம் அவென்யூவில் சர்ச் ஆஃப் ஆல் நேஷன்ஸ் நடத்திய சமூக சேவை நிலையத்தின் பொறுப்பாளர். ஃபிரான்சிஸ் கோல்டின், எஸ்தர் ராண்ட் என்ற இரண்டு பெண்கள் கமிட்டியின் முதுகெலும்பு. இருவரும் வாடகைக் குடியிருப்போர் போராட்டங்களில் ஊறியவர்கள், இடதுசாரிகள். மெக்கார்த்தி காலத்து வேட்டை ஓய்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அந்த முத்திரையோடு வெளியே வந்து பேசுவதற்கே துணிச்சல் வேண்டும். கோல்டின் பிற்காலத்தில் பெயர்பெற்ற இலக்கிய முகவராகி, பார்பரா கிங்சால்வர் போன்ற எழுத்தாளர்களின் நூல்களைப் பதிப்பாளர்களிடம் கொண்டுசேர்த்தார். அது வேறு கதை.

எதிர்ப்புக் கூட்டம், மனு, ஊர்வலம் எல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. அதெல்லாம் மோசஸுக்கும் அத்துப்படி என்பதுதான் சிக்கல். எதிர்க்கிறவர்களைப் பார்த்து அவர் காலம் காலமாகக் கேட்டுவந்த கேள்வி ஒன்றுதான்: ‘சரி, சேரி இப்படியே இருக்கட்டும் என்கிறீர்களா?’ சமையலறைக்குள் குளிக்கும் தொட்டி வைத்திருப்பவரால் அதற்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடியுமா?

கமிட்டி வேறு வழியில் போனது. வால்டர் தாபிட் என்ற நகரத் திட்டமிடுநரைச் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு அந்தத் தொழில் படித்தவர்கள் ஒன்று அரசாங்கத்துக்கு வேலை செய்வார்கள், அல்லது கட்டுநருக்கு. யாருடைய வீடு இடிபடப் போகிறதோ அவர்கள் தங்களுக்கென்று ஒரு திட்டமிடுநரை வைத்துக்கொள்வது கேள்விப்படாத விஷயம்.

முதல் வேலை, எண்ணுவது. வீடு வீடாகப் படியேறி, எத்தனை பேர் இருக்கிறீர்கள், வருமானம் என்ன, வாடகை என்ன என்று கேட்பது. எழுதுவதற்கு இது ஒரு வரி, செய்கிறவர்களுக்கு அப்படியில்லை. கணக்கெடுக்க வருகிறவர் என்றாலே வீட்டுக்காரரின் ஆளா, அரசாங்கத்தின் ஆளா என்று கதவிடுக்கில் பார்க்கும் பேட்டை அது. ஒரே தெருவில் நாலைந்து மொழி. வருமானத்தை யாரும் லேசில் சொல்லிவிட மாட்டார்கள்.

சேர்ந்த விவரங்களைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு எண் வந்தது. கஸான் கட்டப்போகும் வீட்டுக்கு முன்பணமும் மாதக் கட்டணமும் கொடுத்துக் குடியேற முடியாதவர்கள், அந்தப் பகுதியில் இருந்தவர்களில் 93 சதவீதம்.

தொழிலாளர்களுக்கான வீடுதான். ஆனால் நூற்றில் ஏழு பேருக்கு.

*

அந்த எண்ணைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தியிருந்தால், கூப்பர் ஸ்கொயர் இன்றைக்கு ஓர் அடிக்குறிப்பாக முடிந்திருக்கும். கமிட்டி அதை வைத்துக்கொண்டு தானே திட்டம் போட உட்கார்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. தையல்காரரும் விளக்குக் கடைக்காரரும் ஓய்வூதியக் கிழவியும் ஓவியரும் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்து, இந்தப் பிளாக்கை என்ன செய்வது, அந்தப் பிளாக்கை என்ன செய்வது என்று விவாதித்தார்கள்.

1961ல் ‘கூப்பர் ஸ்கொயருக்கு ஒரு மாற்றுத் திட்டம்’ வெளியானது. நியூயார்க்கில் குடியிருப்பவர்களே உருவாக்கிய முதல் நகரத் திட்டம் என்று இதைச் சொல்வது வழக்கம்.

அதைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். திட்டம் இடிப்பதை எதிர்க்கவில்லை! ஜேன் ஜேக்கப்ஸ் அதே வருடம் தன் புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிட்டு, பழைய தெருக்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று வாதாடிக்கொண்டிருந்தார். கூப்பர் ஸ்கொயர்க்காரர்களுக்கு அந்த ரசனை வாய்க்கவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவருக்குப் பழைய செங்கலின் அழகு அவ்வளவாகத் தெரியாது. அவர்களும் இடிக்கத்தான் சொன்னார்கள்.

அவர்கள் மாற்றியது வரிசையை. மோசஸின் வரிசை: முதலில் ஆட்களைக் காலி செய், பிறகு இடி, அப்புறம் கட்டு. கட்டி முடிக்கும்போது பழைய ஆட்கள் எங்கே என்றே தெரியாது. கமிட்டியின் வரிசை: ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் முதலில் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டு, அடுத்த பிளாக்கில் இருப்பவர்களை அங்கே குடிவை, காலியான பிளாக்கை இடித்து அங்கே கட்டு. இப்படிப் படிப்படியாக. யாரும் பேட்டையை விட்டுப் போக வேண்டியதில்லை. எந்த இடத்தைப் புதுப்பிக்கிறார்களோ, அந்த இடத்தில் இருப்பவர்தான் அதன் பலனை அடைய வேண்டும் என்ற ஒரே விதியிலிருந்து மற்றதெல்லாம் கிளைத்தது. ஓவியர்கள் விடப்படவில்லை. பவரியின் அனாதை மனிதர்களுக்கும் ஒரு பதில் தேடினார்கள். பெருக்கித் தள்ளுவோம் என்று சொல்லவில்லை.

கணக்குப்படி இது நடக்கக்கூடிய திட்டம். அதிகாரிகளுக்கு இதுதான் சங்கடம். கோஷம் போடுகிறவரை வெளியே அனுப்பிவிடலாம். வரைபடமும் புள்ளிவிவரமுமாக மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறவரை என்ன செய்வது?

இதற்குள் மோசஸ் மேஜையிலிருந்தே எழுந்து போய்விட்டார். 1959 முழுக்க நியூயார்க் பத்திரிகைகள் சேரி அகற்றல் திட்டங்களின் ஊழல்களைத் துருவித் துருவி எழுதின. மேயர் வாக்னர் நியமித்த ஆய்வாளர், அந்தக் குழுவையே கலைத்துவிடலாம் என்று பரிந்துரைத்தார். 1960ல் குழு போனது. மோசஸ் 1964ஆம் வருட உலகக் கண்காட்சியை நடத்தக் கிளம்பினார். கஸானும் வேறு இடங்களுக்கு நகர்ந்துவிட்டார். 1962ல் அவருடைய பென் சவுத் வீடுகளின் திறப்புவிழாவுக்கு ஜனாதிபதி கென்னடியே வந்தார்.

எதிராளிகள் இருவரும் களத்தில் இல்லை. கையில் திட்டம் தயார். கமிட்டி ஜெயித்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்?

*

ஒன்பது வருடங்கள் ஒரு செங்கல்கூட எழவில்லை.

நகராட்சி ‘முடியாது’ என்று சொல்லவில்லை. பரிசீலிக்கிறோம் என்றது. பேட்டையின் தலைக்கு மேல் புதுப்பிப்பு என்ற கத்தி தொங்கிக்கொண்டிருந்ததால், என்றைக்கானாலும் இடிபடப் போகிற கட்டடத்துக்கு வெள்ளையடிப்பானேன் என்று பல வீட்டுக்காரர்கள் பராமரிப்பைக் கைவிட்டார்கள். கொதிகலன் கெட்டால் கெட்டதுதான். மோசஸ் இடித்திருந்தால் ஒரே வருடத்தில் போயிருக்க வேண்டியது, மெல்ல மெல்லத் தானாகவே உதிர ஆரம்பித்தது. மக்கள் பங்கேற்பைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன்.

வினோதம் என்னவென்றால், பேட்டை உதிர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் அதன் யோசனை பல்கலைக்கழகங்களில் பரவிக்கொண்டிருந்தது. 1965ல் பால் டேவிடாஃப் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார்: வழக்கறிஞர் கட்சிக்காரருக்காக வாதாடுவதுபோல, திட்டமிடுநர்கள் ஏழைகளின் சார்பில் வாதாட வேண்டும். 1969ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்து காட்டினார். மேல்படியில் அதிகாரம் மக்கள் கையிலேயே இருக்கும். கீழ்ப்படிகளில் அதிகாரிகள் மக்களைக் கூட்டிவைத்துத் தாங்கள் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குத் தலையாட்ட வைப்பார்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் எதற்காவது போய்வந்தவர்கள் தாங்கள் நின்ற படி எது என்று சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கட்டுரைகளும் இன்றைக்கும் திட்டமிடல் வகுப்புகளில் பாடம்.

1966ல் மேயர் மாறினார். புதிய மேயர் லிண்ட்சே பதவியேற்ற அன்றே போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சுரங்க ரயில்கள் நின்றன; கூப்பர் ஸ்கொயர் பற்றி யோசிக்க அவருக்கு எங்கே நேரம்? ஆனால் கமிட்டி ஓயவில்லை. ராண்டும் கோல்டினும் ஒவ்வொரு விசாரணைக்கும் போனார்கள், ஒவ்வொரு அதிகாரியையும் பிடித்தார்கள்.

1970ல், மேயரும் ஐந்து பரோக்களின் தலைவர்களும் உட்காரும் போர்டு ஆஃப் எஸ்டிமேட் கடைசியில் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1961ல் கேட்ட முழுத் திட்டமாக இல்லாவிட்டாலும் அதன் உயிர்நாடியான விதி அப்படியே இருந்தது. இருப்பவர்களுக்கே வீடு.

இனி வேண்டியது பணம். குறைந்த வாடகை வீடுகளை நகரத்தின் காசில் மட்டும் கட்ட முடியாது. வாஷிங்டனின் மானியம் வந்தாக வேண்டும். 1949லிருந்து கூட்டாட்சிப் பணம் ஏதோ ஒரு வழியில் வந்துகொண்டேதான் இருந்தது. அது நின்றுபோகும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

1973 ஜனவரி 8. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் வீடு கட்டுவோர் சங்கத்தின் மாநாடு. நிக்சன் இரண்டாம் முறை பதவியேற்க இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. வீட்டுவசதித் துறைச் செயலாளர் ஜார்ஜ் ராம்னி, பதவி விலகப் போகிறவர், மேடையேறினார். கூடியிருந்த கட்டுநர்களுக்கு அவர் நல்ல செய்தி எதையும் கொண்டுவந்திருக்கவில்லை. நியூயார்க்கின் பதினொரு பிளாக்குகளில் பதினான்கு வருடங்களாகக் காத்திருந்தவர்களின் கணக்கை ஒரே வாக்கியத்தில் புரட்டிப்போடும் அறிவிப்பு அவரிடம் இருந்தது.

(தொடரும்)